வானப் படக்கலைக்கு முதல் பாடம் பகலில்

வானத்தைப் படம்பிடிக்க ஆசைப்படும் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது பால்வெளிதான். மலை உச்சியில் ஒற்றை மரம், அதன் தலைக்கு மேல் வளைந்து போகும் பால்வெளி, கீழே டார்ச் பிடித்து நிற்கும் ஒரு ஆள். இன்ஸ்டாகிராம் இந்தப் படத்தை நமக்கு ஆயிரம் தடவை காட்டிவிட்டது. அடுத்த கட்ட ஆசை ஓரியன் நெபுலா, ஆண்ட்ரோமீடா என்று போகும். ஆசையில் குற்றமே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில், அதுவும் நகரத்திலோ நகரத்தை ஒட்டியோ இருந்துகொண்டு இந்தக் கலைக்குள் நுழைகிறவருக்கு என் யோசனை வேறு. முதல் ஒரு வருடம் இரவை விட்டுவிடுங்கள். காலை எட்டு மணிக்குத் தொலைநோக்கியை வெளியே எடுங்கள். சூரியனில் தொடங்குங்கள். கேட்பதற்கு இது ஆறுதல் பரிசு மாதிரி இருக்கும். முதல் பரிசே இதுதான் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இரவின் கணக்கைப் பார்ப்போம். மங்கலான ஒரு பொருளை எடுக்க இருண்ட வானம் வேண்டும், மேகமில்லாத நீண்ட இரவு வேண்டும், வானம் நகர்வதோடு சேர்ந்து திரும்பும் மவுன்ட் வேண்டும். சென்னை, கோவை, மதுரை எங்கும் முதலாவது கிடையாது. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தாங்கள் வசிக்கும் இடத்திலிருந்து பால்வெளியைப் பார்க்கவே முடியாது என்று 2016இல் வெளியான ஒளிமாசு உலக வரைபடம் சொன்னது. நம் பெருநகரவாசிகள் எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அடுத்தது மேகம். பால்வெளியின் மையப்பகுதி இரவு முழுக்கத் தென்வானில் நிற்கும் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வானத்தை மூடிவிடும். ஓரியனும் கார்த்திகைக் கூட்டமும் உச்சிக்கு வரும் நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. மிச்சமிருக்கும் மாதங்களில் நிலா இல்லாத வார இறுதிகள் எத்தனை தேறும் என்று காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது சங்கதியை வெளிநாட்டு யூடியூப் பாடங்கள் சொல்வதே இல்லை. மவுன்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வையுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஜெர்மனியில் அந்த நட்சத்திரம் ஏறத்தாழ 50 டிகிரி உயரத்தில் நிற்கிறது. சென்னையில் 13 டிகிரி. கன்னியாகுமரியில் 8. அதாவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னை மட்டைக்கும் பின்னால், அடிவானத்துத் தூசிக்குள். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்த மவுன்ட்கள் சிலவற்றை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர் எடை போய் ட்ரைபாட் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமே தெரியாமல் அச்சை நேராக்க வேறு வழிகள் இருக்கின்றன, பழகியவர்கள் செய்கிறார்கள். ஆனால் கேமராவை ஃபோகஸ் பண்ணவே இன்னும் கைவராத ஒருவர் முதல் மாதத்திலேயே இதில் மாட்டிக்கொண்டால், அந்த மவுன்ட் பரணுக்குப் போவதற்கு அதிக நாளாகாது.

சூரியனுக்கு இந்த மூன்றில் ஒன்றும் தேவையில்லை. அண்ணா சாலையில் நின்று எடுத்தாலும் ஜவ்வாது மலையில் நின்று எடுத்தாலும் அதே கரும்புள்ளிகள்தான். அது தன் அகலத்தின் அளவு நகர்வதற்கு 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நம் ஷட்டரோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்து மூடுகிறது. சாதாரண ட்ரைபாட் போதும். அளவுக் கணக்கும் சுலபம். லென்ஸின் குவியத்தூரத்தை 109ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் விட்டம் கிடைத்துவிடும். 600 மி.மீ. லென்ஸில் 5.5 மி.மீ. ஒரு பிக்சல் 4 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், குறுக்காக ஏறத்தாழ 1,370 பிக்சல். பூமியின் அளவுள்ள ஒரு புள்ளி அந்தப் படத்தில் பன்னிரண்டு பிக்சலுக்குச் சற்று மேலே வரும். பெரிய புள்ளிக் குழுக்கள் பூமியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் நீளும். 2024 மே மாதம் உலகம் முழுக்கத் துருவ ஒளியைக் கிளப்பிவிட்ட 3664 என்ற குழு ஏறத்தாழ 15 பூமி அகலம். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர்களுக்குத் தொலைநோக்கி இல்லாமலே தெரிந்தது. லடாக்கின் ஹன்லேயில் இருக்கும் வானியல் கூடத்துக் கேமராவில் அப்போது இரவு வானம் சிவப்பாகப் பதிவானதும் இந்தக் குழுவின் கைவரிசைதான்.

நம் ஊருக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. டிசம்பர் கடைசியில் லண்டனில் நடுப்பகல் சூரியன் 15 டிகிரிக்கு மேல் ஏறாது. அடிவானத்துக் கலங்கல் காற்று வழியாகத்தான் அங்குள்ளவர் எதையும் பார்க்க வேண்டும். அதே நாளில் சென்னையில் 53 டிகிரி. துருவ நட்சத்திரத்தைத் தாழ்த்தி வைத்து நம்மைப் படுத்தும் அதே அட்சரேகை சூரியனைத் தூக்கிக் கொடுக்கிறது. இருப்பதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்வி: சூரியனைப் பார்த்தால் கண் போய்விடாதா? போய்விடும். இதில் பேரமே கிடையாது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லை. எரிந்துகொண்டிருப்பது எரியும்போது தெரியாது. பாதுகாப்பான ஃபில்டர் என்பது சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுவது. அது தொலைநோக்கியின் வாயில், ஒளி நுழையும் முன்பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய சிறு தொலைநோக்கிகளோடு வந்த, ஐபீஸில் திருகும் குட்டிக் கண்ணாடியைக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயில் முழுக்க அதன் மேல் விழும்; சூடேறி ஒரு நொடியில் விரிசல் விட்டால் கண்ணை எடுக்க நேரமிருக்காது. எக்ஸ்ரே ஃபில்ம், புகை பிடித்த கண்ணாடி, சிடி எதுவும் ஆகாது. கிரகணத்தன்று சாணி கரைத்த தண்ணீரில் பிம்பம் பார்க்கும் பழக்கத்தைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். தண்ணீர் நேராக விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது; அதாவது தேவையான பாதுகாப்பைப் போல் இரண்டாயிரம் மடங்கு அதிக வெளிச்சம். சூரிய ஃபில்மிலேயே இரண்டு தரம் விற்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்: ஒன்று கண்ணுக்கு, இன்னொன்று படமெடுக்க மட்டும். இரண்டாவது வகை பத்து மடங்குக்கு மேல் கூடுதல் ஒளியை விடும். வாங்கும்போது அடர்த்தி எண் 5 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 3.8 என்றால் அது கண்ணுக்கு இல்லை.

ஆபத்து உண்மை என்பதால் இந்தப் பக்கமே வேண்டாம் என்று ஒதுங்குவது சரியான முடிவு இல்லை. இந்த ஆபத்து ஒரே இடத்தில், தெரிந்த இடத்தில் இருக்கிறது. அதற்கான விதியும் ஒன்றுதான்: முன்பக்கம் மூடாமல் எந்த லென்ஸும் சூரியனைப் பார்க்கக் கூடாது. நள்ளிரவில் மலைப்பாதையில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுவதிலும் வரப்பில் ட்ரைபாடை நட்டுவிட்டு இருட்டில் நடப்பதிலும் உள்ள ஆபத்து இவ்வளவு ஒழுங்காக நம் கட்டுக்குள் நிற்பதில்லை. கலிலியோ சூரியனைப் பார்த்துத்தான் குருடானார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அவர் 1612இல் புள்ளிகளை வரைந்தது பிம்பத்தைத் தாளில் விழவைத்து. பார்வை போனது கால் நூற்றாண்டு கழித்து, எழுபதைத் தாண்டிய வயதில். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக இருக்கும் இடத்தில் இன்றைக்கும் பிம்பத்தை விழவைக்கும் அந்த வழிதான் நல்லது. பந்தின் மேல் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் விழவைத்தால் ஒரு சாண் அகலத்துக்குச் சூரியன் தெரியும். யாரும் எதன் வழியாகவும் பார்க்கத் தேவையில்லை.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஃபில்ம் பார்க்க மடித்த வெள்ளித்தாள் மாதிரி இருக்கும். அதை அட்டை வளையத்தில் ஒட்டும்போது மிருதங்கத் தோல் போல இழுத்து ஒட்டக் கூடாது. லேசாகத் தொய்ந்து, சுருக்கம் விழுந்தே இருக்கட்டும். சுருக்கம் பிம்பத்தைக் கெடுக்காது, இழுவைதான் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் பிரகாசமான விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளையம் தொலைநோக்கி வாயில் இறுக்கமாக உட்கார்ந்த பிறகும் இரண்டு பக்கம் டேப் ஒட்டுவது நல்லது. மாடிக் காற்று பொல்லாதது. குழாயின் பக்கவாட்டில் இருக்கும் குட்டிக் குறிபார்ப்பானைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அல்லது மூடி போட்டு மூட வேண்டும். அப்படியானால் சூரியனைக் குறிவைப்பது எப்படி? நிழலை வைத்துத்தான். தரையில் விழும் குழாயின் நிழலைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். நீண்டு கிடக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி வட்டமாகும்போது சூரியன் குழாய்க்கு நேராக வந்திருக்கும். திரையில் ஃபோகஸ் பார்க்க வெயில் விடாது. பழைய ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர் மாதிரி தலையோடு சேர்த்துக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டியதுதான். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். விளிம்பை வைத்து ஃபோகஸ் செய்யத் தொடங்கி, புள்ளியின் கரிய நடுப்பகுதிக்கும் அதைச் சுற்றிய சாம்பல் வளையத்துக்கும் இடையிலான எல்லை கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

அந்த எல்லையும் நிலையாக நிற்காது. தண்ணீருக்கடியில் கிடப்பது போல நெளியும். காற்றுத்தான் காரணம். வெயில் ஏற ஏறக் கான்கிரீட் தளம் சூடாகி, அந்தச் சூடு கிளம்பித் தொலைநோக்கிக்கு முன்னால் ஆடும். எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது இதனால்தான்: சூரியன் அடிவானத்துக் கலங்கலைத் தாண்டி ஏறியிருக்கும், தளம் இன்னும் கொதித்திருக்காது. நீர்ப்பரப்பு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. உதய்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரிக்கு நடுவே ஒரு தீவில் கட்டியதும், கலிபோர்னியாவில் பிக் பேர் ஆய்வகத்தை ஏரிக்குள் நீட்டிக் கட்டியதும் இதே காரணத்துக்காக. ஊரில் கண்மாய்க் கரையோ ஏரிக் கரையோ பக்கத்தில் உள்ளவர்கள் இந்த விஷயத்தில் சென்னை மாடிக்காரரைவிடப் பணக்காரர்கள். குறைந்தது மாடியில் செடித்தொட்டிகள் உள்ள மூலையைத் தேடுங்கள்.

நெளியும் காற்றை வெல்லும் வித்தையில்தான் என் வாதத்தின் பாதி இருக்கிறது. ஒரே ஒரு ஸ்டில் எடுத்தால் அது நல்ல கணத்தில் விழுந்ததா கெட்ட கணத்தில் விழுந்ததா என்பது அதிர்ஷ்டம். அதனால் வீடியோவாக ஆயிரம், இரண்டாயிரம் ஃபிரேம்கள் பிடித்து, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருளில் கொடுத்தால், காற்று அசையாமல் நின்ற கணங்களில் விழுந்த பத்து விழுக்காட்டைப் பொறுக்கி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தரும். அடுக்க அடுக்க இரைச்சல் குறையும்: நூறு ஃபிரேமை அடுக்கினால் பத்தில் ஒரு பங்காகிவிடும். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மையேற்றுவது. அளவாக ஏற்ற வேண்டும். புள்ளியைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தால் எல்லை மீறிவிட்டோம் என்று அர்த்தம். நிலவின் பள்ளங்களுக்கும் வியாழனின் பட்டைகளுக்கும் சனியின் வளையத்துக்கும் அப்படியே இதே வேலைமுறைதான். சூரியனில் இதை வாரத்துக்கு ஐந்து நாள் பழகலாம், மறுநாள் ஆபீஸுக்குத் தூங்கி வழியாமல் போகலாம். வியாழனில் பழக வேண்டுமென்றால் அது உயரே வரும் மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும். நெபுலாவுக்குத் தேவையான நீண்ட எக்ஸ்போஷர், ஆட்டோகைடிங், டார்க் ஃபிரேம் இதெல்லாம் சூரியனில் வராது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபோகஸ், எக்ஸ்போஷர், அடுக்கல், அளவாகக் கூர்மையேற்றல் கைவந்த ஒருவர் அவற்றைக் கற்பதற்கும், எல்லாவற்றையும் இருட்டில் ஒரே நேரத்தில் கற்க முயல்கிறவர் திணறுவதற்கும் வித்தியாசம் உண்டு.

என் வாதத்தின் மறுபாதி, சூரியன் மாறுகிறது என்பது. ஓரியன் நெபுலாவை இன்றைக்கு எடுத்தாலும் பத்து வருடம் கழித்து எடுத்தாலும் படம் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியிருப்பது எடுத்தவரின் கேமராவாக இருக்கும். சூரியனை நேற்றும் இன்றும் எடுத்து அருகருகே வைத்தால் புள்ளிகள் நகர்ந்திருக்கும், ஒன்று பிளந்திருக்கும், ஒன்று காணாமல் போயிருக்கும். ஒரு குழு ஓர் ஓரத்தில் தோன்றி மறு ஓரத்தில் மறைய ஏறத்தாழ 13 நாள் ஆகும். இரண்டு வாரப் படங்கள் கையில் இருந்தால் சூரியன் சுழலும் வேகத்தை ஸ்கேலை வைத்தே அளந்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: சாதாரண ட்ரைபாடில் எடுத்த படத்தில் எது மேற்கு என்று நேரத்துக்கு நேரம் மாறும். தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் சூரியன் எந்தப் பக்கம் நழுவுகிறதோ அதுதான் மேற்கு. தினமும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னும் கொஞ்சம் பொறுமையிருந்தால், நடுக்கோட்டருகே உள்ள புள்ளிகள் உயர் அட்சங்களில் உள்ளவற்றைவிட வேகமாகச் சுற்றுவதும் பிடிபடும். திடப்பொருள் அப்படிச் சுற்றாது. 1850களில் ரிச்சர்ட் கேரிங்டன் இதைக் காட்டியது அரசு ஆய்வகத்திலிருந்து அல்ல, இங்கிலாந்தின் ரெட்ஹில்லில் தன் சொந்தச் செலவில் கட்டிய கூடத்திலிருந்து.

அந்தக் கேரிங்டன்தான் 1859 செப்டம்பர் 1 காலை, திரையில் விழுந்த சூரிய பிம்பத்தில் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது ஒரு பெரிய குழுவின் மேல் இரண்டு வெண்மையான ஒளிப்பொட்டுகள் வெடித்ததைப் பார்த்தார். சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடித் திரும்புவதற்குள் அவை மங்கத் தொடங்கிவிட்டன. நல்லவேளையாக ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இன்னொரு அமெச்சூரும் வேறோர் இடத்திலிருந்து அதைப் பார்த்திருந்தார். ஒரு நாள்கூட ஆகவில்லை, பூமியில் தந்திக் கம்பிகள் தறிகெட்டன. சூரியப் பிழம்பு வெடிப்பை மனிதர் முதன்முதலில் பார்த்துப் பதிவு செய்தது அப்படி. இதற்கும் முன்னால், ஜெர்மனியின் டெஸ்ஸாவில் ஹைன்ரிக் ஷ்வாபே என்ற மருந்துக்கடைக்காரர் புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருக்கிறதா என்று தேடி, 1826 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்துக் குறித்து வைத்தார். கோள் கிடைக்கவில்லை. புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது கிடைத்தது. 1844இல் அச்சில் வந்தது. இருவரிடமும் இருந்தது பிரம்மாண்டக் கருவி இல்லை, விடாத பழக்கம்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு இன்னும் பெரிய சாட்சி நிற்கிறது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் ஏற்ற இறக்கத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் அமைய அதுவும் ஒரு காரணம். மழையை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் எதுவும் அங்கே கிடைத்துவிடவில்லை. கிடைத்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மேகம் விட்ட நாளெல்லாம் எடுத்த சூரியப் படங்கள். உலகில் இவ்வளவு நீண்ட தொடர் படப்பதிவு வைத்திருக்கும் இடங்கள் மிகச் சில. இன்று அவை டிஜிட்டல் ஆக்கப்பட்டு, எடுத்தவர் நினைத்தே பார்த்திராத கேள்விகளுக்கு ஆய்வாளர்கள் அவற்றில் விடை தேடுகிறார்கள். புள்ளியின் சாம்பல் வளையத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் இங்கேதான் ஜான் எவர்ஷெட் கண்டார்; இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. அந்த எவர்ஷெட், கொடைக்கானலுக்கு வருவதற்கு முன் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தில் வேதியியல் வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் சூரியனைப் படித்தவர். அவர் மனைவி மேரியும் சம்பளம் வாங்காமல் சூரியப் பிழம்புகளை ஆராய்ந்து எழுதியவர். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் பஸ்கள் எல்லாம் தூண்பாறையில் நிற்கின்றன. இந்த ஆய்வகத்தில் நிற்கும் பஸ்கள் குறைவு.

"அதெல்லாம் அந்தக் காலம். 2010 முதல் நாசாவின் எஸ்டிஓ செயற்கைக்கோள் சில நொடிக்கு ஒரு படம் அனுப்புகிறது. 2024 ஜனவரியில் நம் ஆதித்யா எல்-1ம் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மொட்டைமாடிப் படம் யாருக்கு வேண்டும்?" இருப்பதிலேயே வலுவான ஆட்சேபம் இதுதான். துல்லியத்தில் அவற்றோடு போட்டி போட முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1700களிலிருந்து இன்றுவரை தொடரும் சூரியப்புள்ளி எண் வரிசையை இன்றைக்கும் வேண்டுமென்றே சிறு தொலைநோக்கிகளை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். முறையை வகுத்தவர் ஷ்வாபேயின் கண்டுபிடிப்பால் தூண்டப்பட்ட சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வோல்ஃப். அவர் பயன்படுத்தியது 8 செ.மீ. தொலைநோக்கி. கணக்கு எளிது: குழுக்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். 4 குழுக்களில் மொத்தம் 23 புள்ளிகள் என்றால் 63. செயற்கைக்கோள் படத்தில் எண்ணினால் பழைய தொலைநோக்கிகளுக்குத் தெரிந்திருக்கவே முடியாத பொடிப்பொடித் துளைகளும் கணக்கில் வந்துவிடும். முந்நூறு ஆண்டுத் தொடரின் இன்றைய நுனி மட்டும் செயற்கையாக வீங்கிவிடும். அதனால்தான் பிரஸ்ஸல்ஸில் உள்ள பெல்ஜிய அரச வானியல் கூடம் பல நாட்டுப் பார்வையாளர்களின் எண்ணிக்கைகளைத் திரட்டி இந்த எண்ணை வெளியிடுகிறது. அவர்களில் கணிசமானவர்கள் சம்பளத்துக்குச் செய்யாதவர்கள். ஒவ்வொருவரின் கண்ணுக்கும் கருவிக்கும் ஏற்ப ஒரு திருத்தக் காரணி கொடுத்துவிடுவதால், நீங்கள் கொஞ்சம் குறைத்து எண்ணுகிறவரா கூட்டி எண்ணுகிறவரா என்பது பெரிய பிரச்சினை இல்லை. ஒரே மாதிரி எண்ணுகிறவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே கேட்பது கண்ணால் பார்த்து எண்ணிய எண்ணை. அழகாக அடுக்கிக் கூர்மையேற்றிய படத்தை இல்லை. ஆகவே படம் எடுக்கிறவர் அதற்கு முன் ஐந்து நிமிடம் ஐபீஸில் கண் வைத்து எண்ணி ஒரு நோட்டில் எழுத வேண்டும், பிறகு தன் படத்தோடு ஒப்பிட்டுக் கண்ணைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தப் பழக்கம் முழுசு.

அடுத்த ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. புள்ளிகள் ஏறி இறங்கும் இப்போதைய சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. உச்சக்கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா சொல்லிவிட்டது. இனி இறங்குமுகம்தானே, வெறும் வட்டத்தை யார் எடுப்பது? இறங்குமுகத்தில் புள்ளி குறையும், ஆனால் பெரிய ஆட்டங்கள் அப்போதும் வரும். 2003 அக்டோபர், நவம்பரில் நடந்த பேய்வெடிப்புகள் அந்தச் சுழற்சியின் உச்சம் கடந்து வெகுநாள் ஆன பிறகு வந்தவை. புள்ளிகள் தோன்றும் இடமும் சுழற்சி முதிர முதிர நடுக்கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டே வரும். இதை ஒரு மாதத்தில் பார்க்க முடியாது, சில வருடப் படங்களை அடுக்கினால் கண்ணுக்கு முன் வந்து நிற்கும். புள்ளியே இல்லாத நாளும் பதிவுதான். 1645 முதல் 1715 வரை சூரியன் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அன்றைக்குப் பார்த்தவர்கள் ஒன்றும் இல்லை என்றும் எழுதி வைத்ததுதான். இணையத்தில் லைக் வாங்க அது உதவாது. அதை மறுக்க நான் யார்?

சாம்பல் வட்டத்தில் நாலு புள்ளி, இதில் என்ன அழகு என்பவருக்கு ஒரு அளவுக்கு இறங்கி வருகிறேன். வெண்ணொளிப் படம் அடக்கமானதுதான். அதற்கு ஆரஞ்சு வர்ணம் பூசி வெளியிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; சூரியன் ஆரஞ்சு இல்லை, சாம்பலாகவே விடுவது மேல். தீ நாக்குகளும் விளிம்பில் எழும் வளைவுகளும் வேண்டுமென்றால் 656.28 நானோமீட்டரில் உள்ள எச்-ஆல்ஃபா ஒளியை மட்டும் பிரித்தெடுக்கும் தொலைநோக்கி தேவை, 40 மி.மீ. குட்டிக் கருவியே இங்கே வந்து சேர்வதற்குள் லட்ச ரூபாயைத் தொட்டுவிடும். சிவப்புக் கண்ணாடி போட்டால் அது கிடைக்காது. ஆனால் அண்மையில் ஒரு குறுக்குவழி திறந்திருக்கிறது. பிரான்ஸின் கிறிஸ்டியன் புயில் வடிவமைத்த சோலெக்ஸ் என்ற நிறமாலைக் கருவியை முப்பரிமாண அச்சில் எடுத்து வீட்டிலேயே பூட்டலாம். மெல்லிய பிளவின் குறுக்கே சூரியனை நகரவிட்டு, கோடு கோடாகப் பதிவு செய்து, மென்பொருள் அதைத் திரும்ப வட்டமாகத் தைக்கிறது. கொடைக்கானலில் நூறு வருடத்துக்கு முன் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் செய்த அதே வேலை, இப்போது மேசை டிராயரில் அடங்குகிறது. இது முதல் வருடத்துக்கான வேலை இல்லை. இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இரவு வானத்தைப் பற்றி. இருண்ட இடத்தில் பால்வெளியைப் பார்க்கும் அனுபவத்துக்குச் சூரியன் மாற்றாகாது. அப்படி நான் சொல்லவும் இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை மலைக்குப் போங்கள், கேமராவை வீட்டில் வைத்துவிட்டே போங்கள். கற்றுக்கொள்வதும், தொடர்ந்து செய்வதும், பத்து வருடம் கழித்துப் பயன்படும் ஒரு தொகுப்பைச் சேர்ப்பதும் நகரத்து ஆளுக்குப் பகலில்தான் கைகூடும் என்பதே என் தீர்ப்பு. இன்னொன்றும் இருக்கிறது. 2031 மே 21 அன்று ஒரு கங்கண சூரிய கிரகணம் தென் தமிழ்நாட்டின் வழியே போகிறது. அன்றைக்குக் காலையில் முதன்முதலாக ஃபில்மைப் பிரித்து, ஃபோகஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு வளையம் தெரியும் சில நிமிடங்கள் போதாது. ஆரம்பிக்கிறவர்கள் ஏ4 அளவு ஃபில்ம் ஒன்று வாங்குங்கள், சில ஆயிரம் ரூபாய்தான். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், குழு, புள்ளி என்று நாலு பத்தி போதும். குறிபார்ப்பானின் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள்.